வெளிநாட்டவரை மணந்தவர் மலையகத்தில் காணி வாங்குவது எப்படி?

மாப்பிள்ளை திருச்சிக்காரராக இருக்கலாம். பாரிசில் பிறந்து வளர்ந்த தமிழராக இருக்கலாம். எல்லவுக்குச் சுற்றுலா வந்து இந்த மலையை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட ஜெர்மன்காரராகவும் இருக்கலாம். காணிப் பதிவகத்துக்கு மூவரும் ஒன்றுதான், இலங்கைப் பிரஜை அல்லாதவர்கள். இது தெரியாமல், கலியாணம் முடிந்த கையோடு இருவர் பெயரிலும் ஒரு துண்டுக் காணியை எழுதிவிடலாம் என்று முற்பணம் கட்டுகிறவர்கள் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் நுவரெலியாவிலும் இருக்கிறார்கள். தரகர் சொல்ல மாட்டார். விற்பவருக்கும் சொல்ல அவசியமில்லை.

என் கணவர் தமிழ்நாட்டவர். கலியாணப் பதிவு, விசா, காணி உறுதி (உரிமைப் பத்திரம்) என்று மூன்றுக்கும் கச்சேரிக்கும் பத்தரமுல்லைக்குமாக நாங்கள் அலைந்து முடித்தபோது, இதையெல்லாம் யாராவது முன்பே வரிசையாகச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கலியாணம் ஒரு கோப்பு, காணி இன்னொரு கோப்பு. முதல் கோப்பு முடிந்தால் இரண்டாவதில் தானாக உரிமை வந்துவிடாது. வெளிநாட்டுத் துணைக்கு எந்தப் பாதுகாப்பு வேண்டுமானாலும் அதை நீங்கள்தான் தனியாக, எழுத்தில், நொத்தாரிசு (காணி உறுதி எழுதிச் சான்றளிக்கும் சட்டத்தரணி) முன்னிலையில் ஏற்படுத்த வேண்டும்.

1. உங்கள் இருவரில் யார் வெளிநாட்டவர் என்று பாருங்கள்

சிரிக்காதீர்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிறந்த இடம், பேசும் மொழி, பூர்வீகம் எதையும் சட்டம் கேட்பதில்லை. இன்றைய தேதியில் இலங்கைப் பிரஜாவுரிமை இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

ஹட்டனில் பிறந்து கனடாவுக்குப் போய் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்த உங்கள் அண்ணன், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துச் சான்றிதழ் பெறாதவரை வெளிநாட்டவர்தான். வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி எடுத்த நாளிலேயே இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடுகிறது. பழைய அடையாள அட்டை கையில் இருக்கிறது என்பதற்காக அதை வைத்து உறுதி எழுதப் போகாதீர்கள். அப்படி எழுதிய உறுதி பிறகு செல்லாமல் போகும். அதேபோல தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, இப்போது நீலகிரியிலோ திருச்சியிலோ இந்தியக் கடவுச்சீட்டோடு இருக்கும் மாமன் மகனும் இங்கே வெளிநாட்டவர். அவரிடம் இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருந்தாலும் காணி வாங்க அது உதவாது.

இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் கையில் இருப்பவர் இலங்கையரைப் போலவே காணி வாங்கலாம். துணை அந்த வகையில் வருபவரானால், காணிப் பேச்சைத் தொடங்குமுன் அதை முடித்துக்கொள்வதே உத்தமம். பிறப்பால் என்றுமே இலங்கையராக இல்லாத என் கணவர் போன்றவர்களுக்கு இது அப்படிச் சுலபமான வழி அல்ல. பதிவு மூலம் பிரஜாவுரிமை கேட்க 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஆனால் விண்ணப்பித்தாலே கிடைத்துவிடும் உரிமை அல்ல அது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், இந்தியத் துணை இலங்கைக் குடியுரிமை எடுத்தால் இந்தியக் கடவுச்சீட்டை இழப்பார். ஒரு துண்டுக் காணிக்காக அதைச் செய்ய வேண்டுமா என்று குடும்பமாக உட்கார்ந்து யோசியுங்கள். நாங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

2. இலங்கைத் துணையின் பெயரை முதலில் சரிசெய்யுங்கள்

எல்லோரும் வெளிநாட்டவரின் பத்திரங்களைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். மலையகத்தில் தகராறு பெரும்பாலும் நம்முடைய பத்திரங்களில்தான்.

தோட்டத்தில் பிறந்தவர்களின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அப்பா பெயர் அதில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி இருக்கும். லெச்சுமி ஒன்றில் லட்சுமியாகி, சிங்களத்தில் எழுதி மறுபடி ஆங்கிலத்துக்குப் போகும்போது மூன்றாவது ஆளாகிவிடுவார். சிலருக்குப் பெயரின் தலைப்பெழுத்து மாறியிருக்கும், சிலருக்குப் பிறந்த தேதி. தோட்டத்துக்குள் இருக்கும்வரை இதனால் ஒன்றும் ஆகாது. கலியாணப் பதிவு, விசா விண்ணப்பம், காணி உறுதி மூன்றிலும் ஒரே பெயர் வரவேண்டும் என்னும்போதுதான் வினை.

செய்ய வேண்டியவை:

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் புதிய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுங்கள். வீட்டுப் பெட்டியில் மடித்து மடித்துக் கிழிந்த பிரதியோடு எங்கும் போகாதீர்கள். அடையாள அட்டை, கடவுச்சீட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சிறு வித்தியாசமானால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் செய்யும் சத்தியக்கடதாசியைச் சில அலுவலகங்கள் ஏற்கும். பெரிய வித்தியாசமானால் பதிவையே திருத்த விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். கலியாணத் தேதி குறிப்பதற்கு முன் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. காணி வேலை முடியும்வரையாவது அடையாள அட்டையில் கை வைக்காதீர்கள்.

3. வெளிநாட்டுத் துணை கொண்டுவர வேண்டியவை

கடவுச்சீட்டு, செல்லுபடியாகும் விசா, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மூலப்பிரதி, திருமணமாகாதவர் என்பதற்கு அவர் நாட்டு அதிகாரி தரும் சான்று. முன்பு மணமாகிப் பிரிந்தவரானால் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு. துணையை இழந்தவரானால் மரண அத்தாட்சிப் பத்திரமும் பழைய கலியாணப் பத்திரமும். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்ற கடிதத்தை யாரும் ஏற்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு தனிப் பொறி உண்டு. அங்கே பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயரே இருக்காது. குழந்தை, ஆண், தந்தை பெயர் இன்னது என்று மட்டும் இருக்கும். பள்ளிச் சான்றிதழைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று விமானம் ஏறாதீர்கள். ஊரிலேயே பெயரைச் சேர்த்துப் புதுப் பிரதி வாங்கிக்கொண்டு வரச்சொல்லுங்கள். திருமணமாகாதவர் என்ற சான்று பற்றிக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கொழும்புவரை போகும் பயணம் மிச்சமாகலாம்.

ஆங்கிலத்தில் இல்லாத பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவருக்குச் சரியென்று பட்டபடி எழுதுவார்.

ஒரு எச்சரிக்கை. இதில் சட்டத்தைவிடச் சுற்றறிக்கை வேகமாக மாறும். 2022 ஜனவரியில், வெளிநாட்டவரை மணப்பதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி அறிக்கை வேண்டும் என்றும், சாதாரண விவாகப் பதிவாளரிடம் அல்ல, மேலதிக மாவட்டப் பதிவாளரிடம்தான் பதிய வேண்டும் என்றும் ஒரு சுற்றறிக்கை நடைமுறைக்கு வந்தது. பிறகு நடைமுறை மாறியது. ஆனால் அந்தக் காலத்தில் மணமுடித்த உறவினர் இன்றும் அந்தப் பட்டியலையே உங்களுக்குச் சொல்வார். ஆகவே உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் நேரில் போய், வெளிநாட்டவர் கலியாணத்துக்கு இன்றைக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு, பட்டியலை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். தொலைபேசியில் கேட்ட பதிலை நம்பிப் போனால், கவுண்டரில் இருப்பவர் வேறொருவராக இருப்பார்.

4. கலியாணத்தைப் பதிவது

கோயிலில் தாலி கட்டுவது உறவுகளுக்கு. விசாவுக்கும் காணிக்கும் வாரிசுரிமைக்கும் வேண்டியது பதிவு. மலையகத் தமிழர், கிறிஸ்தவர், வெளிநாட்டவரை மணக்கும் கண்டியச் சிங்களவர் எல்லோருக்கும் பொதுவானது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். இரு முஸ்லிம்கள் மணந்தால் வேறு சட்டம். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

சாதாரண வழியில், அறிவித்தல் கொடுத்து, அது பதிவேட்டில் ஏறியதிலிருந்து 12 நாட்கள் காத்திருக்க வேண்டும். 3 மாதங்களுக்குள் கலியாணத்தை முடித்துவிட வேண்டும். அறிவித்தல் கொடுக்குமுன் இங்கே 10 நாட்கள் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இரண்டு வார விடுமுறையில் வந்து முடித்துவிட்டுப் போக முடியாது என்பது தெரியும். அவசரக்காரர்களுக்கு விசேட அனுமதிப்பத்திரம் என்ற வழி இருக்கிறது. கட்டணம் கூட, ஆனால் காத்திருப்பு இல்லை. வெளிநாட்டுத் துணைக்கு விடுமுறை குறைவானால் தயங்காமல் அதையே கேளுங்கள்.

தமிழ்நாட்டில் பதிவு செய்வதானால் அங்குள்ள விசேட திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவித்தல் உண்டு. ஒரு நாட்டில் சட்டப்படி முடித்த கலியாணத்தை இன்னொரு நாட்டில் மறுபடி செய்ய வேண்டியதில்லை. அதனால் எங்கே சௌகரியமோ அங்கே ஒரே தடவை செய்யுங்கள். இரண்டு நாட்டிலும் பதிந்து இரண்டு தேதிகளோடு இரண்டு பத்திரம் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விசா அதிகாரி எந்தத் தேதி உண்மை என்று கேட்கும்போது விழிக்கிறார்கள்.

பத்திரம் கிடைத்த அன்றே பல பிரதிகள் எடுங்கள். அதை வெளிநாட்டில் காட்ட வேண்டுமானால் பத்தரமுல்லை சுகுருபாயவில் இயங்கும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும்.

5. வதிவிட விசா

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலியாணப் பத்திரம், இலங்கைத் துணையின் கோரிக்கைக் கடிதம், அவருடைய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வெளிநாட்டவரின் பொலிஸ் நற்சான்று ஆகியவற்றோடு பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு இருவரும் போக வேண்டும். பதுளையிலிருந்து இரவு பஸ்ஸில் போனால் காலை வரிசையில் நிற்கலாம். சுற்றுலா விசா முடிகிற வாரத்தில் போகாதீர்கள். வதிவிட விசா கிடைத்தால் இங்கே வாழலாம், அவ்வளவுதான். காணி வாங்கும் உரிமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

6. காணிச் சட்டம் எதைத் தடுக்கிறது, எதை விடுகிறது

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் (உரித்தைக் கைமாற்றுதல்) மீதான மட்டுப்பாடுகள் சட்டம். இந்த இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நொத்தாரிசிடம் கேட்க உதவும். அதன்படி வெளிநாட்டவருக்கும், வெளிநாட்டவரின் பங்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனிக்கும் காணியின் உரித்தை மாற்ற முடியாது. மாற்றி எழுதினால் அந்த உறுதி வெற்றுத்தாள். இலங்கையரின் கணவர், மனைவி என்பதற்காக விலைக்கு வாங்கும்போது எந்தச் சலுகையும் கிடையாது. இருவர் பெயரிலும் சேர்த்து எழுதுவதும் இதே தடைக்குள்தான் வருகிறது.

விடப்பட்டிருக்கும் வழிகள் இவை.

குத்தகை: வெளிநாட்டவர் 99 ஆண்டுகள்வரை குத்தகைக்கு எடுக்கலாம்.

மாடிக் குடியிருப்பு: நான்காம் மாடியிலோ அதற்கு மேலோ உள்ள வீட்டை வாங்கலாம். முழுப் பணமும் உறுதி எழுதுமுன்பே வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். கண்டியிலும் நுவரெலியாவிலும் வேண்டுமானால் யோசிக்கலாம். வெலிமடையில் நான்காம் மாடியை எங்கே தேடுவது?

வாரிசுரிமை: காணிச் சொந்தக்காரரின் நெருங்கிய உறவினர் வெளிநாட்டவராக இருந்தாலும், மரணசாசனம் (உயில்) இல்லாத வாரிசுரிமை, மரணசாசனம், அன்பளிப்பு ஆகியவற்றால் காணி அவருக்குப் போக இடமுண்டு. எல்லாவற்றையும் விட நமக்கு முக்கியமான விதிவிலக்கு இதுதான். கீழே மறுபடி வருகிறேன்.

இந்த மூன்றாவது வழியைக் கேள்விப்பட்டதும் சிலருக்கு ஒரு யோசனை வரும். கணவரின் பணத்தில் மனைவி பெயரில் இன்று வாங்கி, அடுத்த மாதமே கணவருக்கு அன்பளிப்பாக எழுதிவிட்டால் என்ன? சட்டத்தைச் சுற்றிப்போகும் ஏற்பாடாகத் தெரியும் எதையும் ஒரு நல்ல நொத்தாரிசு தொடமாட்டார், தொடும் நொத்தாரிசை நீங்கள் நம்பக்கூடாது. அன்பளிப்புத்தான் தேவை என்றால் காணி விவகாரம் தெரிந்த சட்டத்தரணியிடம் எழுத்தில் அபிப்பிராயம் வாங்குங்கள்.

கம்பனி தொடங்கி 49 சதவீதம் கணவர் பெயரில் போடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி வாங்கினால் தொடர்ந்து 20 ஆண்டுகள் வெளிநாட்டவர் பங்கு 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். குடியிருக்க ஒரு வீட்டுக்காக இந்தச் சுமை தேவையில்லை.

இந்தியத் துணை உள்ளவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. அந்தப் பக்கமும் இதே கதைதான். இலங்கைக் குடிமக்கள் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். மாமியார் வீட்டில் உங்கள் பெயரில் காணி எழுதுகிறோம் என்று அன்பாகச் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. யார் பெயரில் எழுதுவது

பெரும்பாலான தம்பதிகளுக்குச் சரிவரும் ஏற்பாடு இது. உறுதி இலங்கைத் துணையின் பெயரில் மட்டும். அதே வேளையில் வெளிநாட்டுத் துணைக்கு நொத்தாரிசு எழுதிய நீண்டகாலக் குத்தகை. கூடவே ஒரு மரணசாசனம்.

ஏன் குத்தகை வேண்டும்? மலையகத் தமிழருக்குப் பொருந்தும் பொதுச் சட்டத்தில் கணவன் சொத்து கணவனுடையது, மனைவி சொத்து மனைவியுடையது. மணந்ததால் பாதி தானாக வருவதில்லை. வெளிநாட்டுத் துணையின் சேமிப்பு முழுவதும் போய்ச் சேர்ந்தாலும், உறுதியில் பெயர் உள்ளவர் நாளைக்கே விற்கலாம், அடகு வைக்கலாம். நம் பெண்ணோ பையனோ அப்படிச் செய்யமாட்டார்கள் என்பது வேறு விஷயம். உறவு கசந்தபின் பேசுவதைவிட இனிக்கும்போதே எழுதிவிடுவது இருவருக்கும் மரியாதை. என் மாமனார் இதைக் கேட்டதும் முகம் சுளித்தார். எழுதி முடித்தபின் அவருக்குத்தான் நிம்மதி.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் தேசவழமையை (அந்தப் பக்கத் தமிழரின் மரபுச் சொத்துச் சட்டத்தை)ச் சொல்லி உங்களைக் குழப்பலாம். அது மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட ஒருவர் வெளிநாட்டவரை மணந்து மலையகத்தில் வாங்குவதானால் அதைச் சட்டத்தரணியிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

பிள்ளை பெயரில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: பிள்ளை இலங்கைப் பிரஜையானால் எழுதலாம். ஆனால் 18 வயதுவரை அந்தக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். பிள்ளையின் படிப்புக்கே பணம் தேவைப்பட்டாலும் அப்படித்தான்.

8. காணியின் வேரைத் தேடுங்கள்

மலையகத்தில் காணி வாங்குவது கொழும்பில் வாங்குவது போன்றதல்ல. இங்கே மண்ணின் பெரும்பகுதி அரசுக்கும், அரசிடமிருந்து நீண்டகாலக் குத்தகை எடுத்த பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும், காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்கும், கண்டிப் பக்கம் விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் உரியது. தனியார் உறுதி உள்ள காணி நடுநடுவே துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. எது எந்த வகை என்பதை வேலி சொல்லாது.

லயக் காம்பராவை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறையை) விற்கிறேன் என்று யாராவது வந்தால் அவரிடம் விற்க ஒன்றுமில்லை. குடியிருக்கும் உரிமை வேறு, உரித்து வேறு. வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, தலைவர் ஒருவர் சாட்சி போட்டாலும் அது காணி உறுதி ஆகாது. இலங்கையில் காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். அந்தச் சட்டம் 1840ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.

தோட்டத்தில் வீடு கட்டிக் கொடுத்த 7 பேர்ச் காணிகளுக்குப் பத்திரம் இருந்தால், அதிலுள்ள நிபந்தனைகளை ஒரு வரி விடாமல் வாசியுங்கள். எத்தனை காலம் விற்கக்கூடாது, யாருக்கு மாற்றலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

அனுமதிப்பத்திரக் காணி, அளிப்புக் காணி என்று சொல்லப்படும் அரச காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வருகின்றன. பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் முன்கூட்டியே இல்லாமல் இவற்றைக் கைமாற்ற முடியாது. விலை மலிவாக இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது சின்னக்கர உறுதியா (முழு உரித்துள்ள தனியார் உறுதியா), அனுமதிப்பத்திரமா என்பதுதான்.

வகை தெளிவானதும் செய்ய வேண்டியவை:

விற்பவரின் உறுதிப் பிரதியும் நில அளவைப் படமும் வாங்குங்கள். அவற்றைக் காணி எந்த மாவட்டமோ அந்தக் காணிப் பதிவகத்தில், பதுளையோ நுவரெலியாவோ கண்டியோ, உங்கள் சட்டத்தரணியைக் கொண்டு 30 ஆண்டுகள் பின்னோக்கித் தேடச் சொல்லுங்கள். விற்பவரின் சட்டத்தரணி போதும் என்று தரகர் சொல்வார். போதாது. பங்குரிமைக் காணியானால், அதாவது தாத்தா பெயரிலிருந்து பத்துப் பேருக்குப் பிரிக்காமல் இறங்கிய காணியானால், எவ்வளவு அழகான இடமானாலும் நான் விலகிவிடுவேன்.

பிறகு பிரதேச சபையிலோ நகர சபையிலோ வரி நிலுவை, வீதி எல்லை, சபை கையேற்காத காணி என்பதற்கான சான்றுகள். காணியில் நின்று, நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கற்களைக் காட்டச்சொல்லிப் பாருங்கள். தேயிலைச் செடி வரிசையை எல்லையாகக் காட்டினால் ஏற்காதீர்கள்.

கடைசியாக, ஆனால் முற்பணத்துக்கு முன்னால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் வீடு கட்ட அனுமதி கேட்கும்போது இதைக் கேட்பார்கள். வாங்கிய பிறகு கட்டக்கூடாது என்று வந்தால் காணி வெறும் காட்சிக்குத்தான். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது இந்த மலைகள் எப்படிச் சரிந்தன என்று பார்த்தோம். நல்ல காட்சி தெரியும் சரிவான இடத்தைத்தான் வெளிநாட்டவர்கள் விரும்புகிறார்கள், தரகர்களும் அதையே காட்டுகிறார்கள். அறிக்கை வரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.

9. எவ்வளவு செலவாகும்

காணி விலைக்கு மேலே பெரிய செலவு முத்திரை வரி. வாங்குபவர்தான் கட்டுவது. விலை உறுதிக்கு முதல் 100,000 ரூபாவுக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 50 இலட்சம் ரூபாக் காணியானால் 3,000 ரூபாவும் 196,000 ரூபாவும் சேர்த்து 199,000 ரூபா. அன்பளிப்பு உறுதிக்கு முதல் 50,000 ரூபாவுக்கு 3 சதவீதம், மீதிக்கு 2 சதவீதம். அதே காணிக்கு 100,500 ரூபா வரும். குத்தகைக்குக் கணக்கு வேறு, மொத்தக் குத்தகைப் பணத்தின்மேல் வரும். இது மாகாணத்துக்குப் போகும் வரி என்பதால் எழுதும் வாரத்தில் விகிதத்தை நொத்தாரிசிடம் மறுபடி உறுதிசெய்யுங்கள்.

வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று விற்பவர் சொல்வது வழக்கம். உங்கள் விஷயத்தில் இது இரட்டை நட்டம். வரி அதிகாரிகள் காணியைத் தாங்களே மதிப்பிட்டு மீதி வரியைக் கேட்கலாம் என்பது ஒன்று. வெளிநாட்டுத் துணை எவ்வளவு பணம் போட்டார் என்பதற்கு இருக்கும் எழுத்துச் சாட்சியும் குறைந்துவிடுகிறது என்பது இன்னொன்று.

நொத்தாரிசு கட்டணத்தை முன்கூட்டியே பேசி, அதில் தேடுதல், பதிவுச் செலவு அடங்குமா என்று கேளுங்கள். நில அளவையாளர், மண்சரிவு அறிக்கை, மொழிபெயர்ப்பு, பயணம் என்று தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் வங்கி வழியாகவே வரட்டும். உண்டியல் முறையில் (வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் வழியில்) இரண்டு ரூபா கூடக் கிடைக்கும், ஆனால் ஒரு துண்டுத் தாளும் கிடைக்காது.

10. கையெழுத்து நாள்

நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலும் உறுதிகள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் எழுதப்படுகின்றன. விளங்காத மொழியில் கையெழுத்துப் போடாதீர்கள். நொத்தாரிசு உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்து விளக்க வேண்டும். தமிழ் தெரிந்த நொத்தாரிசைத் தேடிப் போங்கள். வரைவை முதல் நாளே வாங்கி, பெயர், அடையாள அட்டை இலக்கம், பரப்பளவு, எல்லைகள், படத்தின் இலக்கம், முந்தைய உறுதியின் இலக்கம் ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் இலங்கைத் துணை வர முடியாவிட்டால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோர்னி தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பலாம். இங்கே அதைப் பதிந்த பிறகுதான் பயன்படுத்த முடியும். எந்தக் காணி, என்ன வேலை என்று குறிப்பாக எழுதுங்கள். எல்லா அதிகாரமும் கொடுக்கிறேன் என்று சித்தப்பாவுக்குக்கூட எழுதாதீர்கள்.

மீதிப் பணத்தைக் கையெழுத்துக்கு முன் கொடுக்காதீர்கள். வங்கிக் காசோலையாக மேசைமேல் வையுங்கள். உறுதி எழுதியதோடு வேலை முடியவில்லை. காணிப் பதிவகத்தில் முதலில் பதியப்பட்ட உறுதிக்குத்தான் முன்னுரிமை. ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றவர்கள் உண்டு. நொத்தாரிசு எப்போது பதியப்போகிறார் என்று கேட்டு, பிறகு நீங்களே பதிவகத்துக்குப் போய்ப் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியை எடுத்துப் பாருங்கள். குத்தகை ஒப்பந்தத்தையும் அதே நாளில் எழுதி அதே முறையில் பதிய வேண்டும்.

11. மரணசாசனமும் பிள்ளைகளின் பதிவும்

மரணசாசனம் இல்லாமல் இலங்கைத் துணை இறந்தால், பொதுச் சட்டப்படி பாதி உயிரோடிருக்கும் துணைக்கும் மீதி பிள்ளைகளுக்கும் போகும். பிள்ளைகள் இல்லாவிட்டால் மீதிப் பாதிக்குப் பெற்றோர், சகோதரர் என்று உறவுகள் வருவார்கள். மொழி தெரியாத நாட்டில், துக்க வீட்டில், மைத்துனர்களோடு பங்கு பேசும் நிலை உங்கள் துணைக்கு வரவேண்டாம் என்றால் மரணசாசனம் எழுதுங்கள். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும். நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சிகள் வேண்டும். பயன்பெறுபவர் சாட்சியாக இருக்கக்கூடாது.

கலியாணத்துக்கு முன் எழுதிய மரணசாசனம் கலியாணத்தோடு செல்லாமல் போய்விடும். காதலித்த காலத்திலேயே எழுதிவிட்டோம் என்று சொல்பவர்கள் மறுபடி எழுத வேண்டும்.

பிள்ளை வெளிநாட்டில் பிறந்தால், பிறந்து ஓர் ஆண்டுக்குள் இலங்கைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பிரஜாவுரிமையை உறுதிசெய்யுங்கள். தாமதமானாலும் விண்ணப்பிக்கலாம், தண்டப்பணமும் கூடுதல் பத்திரங்களும் சேரும். தாய் இலங்கையர், தந்தை வெளிநாட்டவர் என்றாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு. தந்தை வழி மட்டும்தான் என்று இன்னும் சொல்லும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அது போய்விட்டது என்று பணிவாகச் சொல்லி, படிவத்தைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள்.